குத்தூசி போட்டுப் பார்த்த வீடு

தம்பி,

முருகேசன் வீட்டுக்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்த மகமை உதவியை வைகாசியோடு நிறுத்திவிட்டோம். முருகேசனின் மூத்திரத்தைச் சோதித்ததில் போதை மாத்திரை இருக்கிறது என்று சீட்டு வந்தது. சீட்டு அப்படி வந்தால் உதவி கிடையாது என்பது நம் மகமையின் சட்டம். அந்தச் சட்டத்தைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி எல்லாரையும் ஒத்துக்கொள்ள வைத்தவன் நான். அந்த உதவியை வைத்துத்தான் அவன் பெண்டாட்டி செல்வி வாரம் ரெண்டு தடவை மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு உயிரோடு இருந்தாள்.

நிச்சயத்துக்கு வந்திருந்தபோது இதை யார் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, சென்னை பஸ்ஸுக்கு நிற்கையில் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "நீங்க நெனச்சா மாத்த முடியாதாப்பா?" நான் "பாப்போம்" என்றேன். யாவாரத்தில் முடியாது என்பதற்கு நான் சொல்லுகிற வார்த்தை அது என்று கடையிலேயே வளர்ந்த உனக்குத் தெரியும். வழக்கமாகச் சொல்லுகிற "வாரேன்"கூட இல்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாய். போனில் பேசினால் நீ ரெண்டு வார்த்தையில் வெட்டிவிடுகிறாய். எனக்கும் குரல் ஏறிவிடுகிறது. எழுதினால் குறுக்கே பேச ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆவணியில் உனக்குக் கல்யாணம். தாலி கட்டின மறுவாரமே மகமை மண்டபத்தில் உன் பெயரைத் தனிக் குடும்பமாக, தனித் தலைக்கட்டாக ஏற்றுவார்கள். அதுவரை நீ என் கணக்கில் இருந்தவன்; அதற்கப்புறம் உனக்கென்று வரி, உனக்கென்று ஒரு கை. கூட்டத்தில் அந்தக் கையைத் தூக்கச் சொல்லுவார்கள். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் கோயம்புத்தூர்ப் பக்கம் வளர்ந்தது, மகமை என்றால் என்ன என்று உன்னைக் கேட்கும். இப்படிச் சொல்லு: கடைக்காரர்கள் இறக்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று பொதுவில் போடுகிறோம், மூட்டை தூக்குகிறவர்களும் அவர்கள் கூலியில் ஒரு துளி போடுகிறார்கள். அதில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது, பொங்கல் நடக்கிறது, நொடித்த வீட்டுக்கு அரிசியும் மருந்துச் செலவும் போகிறது. கொடுப்பவன் வேறு, வாங்குபவன் வேறு என்று கிடையாது. இன்றைக்குப் போடுகிறவன் நாளைக்கு வாங்கலாம். நான் சைக்கிளில் பரளச்சி, நரிக்குடி என்று அலைந்து கொத்தமல்லி வாங்கி விற்ற காலத்தில், மிளகாய் வத்தல் லோடு மழையில் நனைந்து கையில் ஒன்றுமில்லாமல் நின்றபோது, நம் வீட்டுக்கும் மகமை அரிசி வந்தது. அதைத் தின்றுதான் எழுந்தேன். அன்றைக்கு யாரும் என்னை ஊதச் சொல்லவில்லை, மூத்திரம் பிடிக்க டப்பா கொடுக்கவில்லை.

அப்புறம் ஏன் அப்படி ஒரு சட்டம் போட்டேன் என்றால், கெட்ட எண்ணத்தில் போடவில்லை. மளிகைக் கடை பால்ராஜ் மாமாவின் தங்கச்சி திருச்சுழியில் இருக்கிறது, உனக்குத் தெரியும். அதுக்குப் புருஷன் இல்லை, ஒரே மகன். மகமையிலிருந்து போகிற அரிசிச் சிப்பத்தை அந்தப் பயல் பிரிக்காமலே தூக்கிக்கொண்டுபோய் விற்றுக் கஞ்சா வாங்கினான். தடுக்கப் போன தாயை அடித்தான். அந்தத் தங்கச்சி வீங்கின முகத்தோடு மண்டபத்துக்கு வந்து நின்றது. என்ன கேட்டது தெரியுமா? "அரிசியாக் குடுக்காதீக அண்ணாச்சி, சோறாக் குடுங்க. சோத்த அவன் விக்க முடியாதுல்ல" என்று கேட்டது. கேட்டதில் நியாயம் இருந்தது, வழியும் இருந்தது. திருச்சுழியில் ஏதாவது ஒரு மெஸ்ஸில் சொல்லி வைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். நாங்கள் அதன் முகத்தைப் பார்த்தோம், அது சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் ஆத்திரம். "நம்ம மூட்டைக் காசுல இவனுக பொகை போடுறானுகளா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்போதுதான் நான் எழுந்தேன்.

என் தொழில் எனக்குப் புத்தி சொன்னது. மூட்டையின் இடுப்பில் குத்தூசியைச் செருகி இழுத்தால் உள்ளேயிருந்து ஒரு பிடி மல்லி வரும். அந்த ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பி, ஊதி, மோந்து பார்த்து லோடு முழுமைக்கும் விலை சொல்லுகிறவன் நான். இந்தச் சந்தையில் என் கை பொய் சொல்லாது என்று பேர். அதே புத்தியில் சொன்னேன்: "எதுக்குக் கத்தணும்? உதவி கேக்குற தலைக்கட்டுல பதினெட்டு தாண்டின எல்லாரும் டெஸ்ட் குடுத்துச் சீட்டு கொண்டாரட்டும். லேப் செலவு மகமையோடது. ஒருத்தருக்குத் தப்பா இருந்தாலும் அந்தத் தலைக்கட்டுக்கு நிறுத்திருவோம். வீட்டாளுகளே அவனைத் திருத்திருவாக." சொன்னதும் கூட்டம் அமர்ந்துவிட்டது. தலைவர், அதுதான் எண்ணெய் மில் ராஜாமணி அண்ணாச்சி, "இதுதான்யா யாவாரி மூளை" என்று என் முதுகில் தட்டினார். எனக்கு அது இனித்தது, மறைக்கவில்லை.

ஒருத்தர் மட்டும், சாராயத்தையும் சேர்க்கணுமா என்று கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் யார் யார் எங்கே உட்காருகிறோம் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், என்னையும் சேர்த்து. ராஜாமணி அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது கவுருமெண்டே விக்கிறது. கவுருமெண்டு விக்கிறதை நாம எப்படிய்யா தப்புன்னு சொல்றது?" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒருத்தருக்கும் வரவில்லை.

நீயும் ஒன்று நினைத்துப் பார். நீ மதுரையில் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது, துவைக்கப் போட்ட உன் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்தது. உன் அம்மா அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள், ஏதோ மசால் பொடி என்று நினைத்து. மோந்து பார்த்தே பிழைக்கிறவனுக்கு அது என்னவென்று தெரியாதா? உன்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன சொல்லுவாயோ என்று பயம். தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அடுத்த மாதம் உன்னை விடுதியிலிருந்து எடுத்துச் சித்தப்பா வீட்டில் தங்க வைத்தேன். பீஸ் கட்டுவதை நிறுத்தினேனா? வீட்டில் சோறு போடாதே என்று சொன்னேனா? நீ அதை விட்டுவிட்டாய் என்றுதான் நம்புகிறேன், இன்றுவரை கேட்டதில்லை. என் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் எனக்கு இத்தனை வழி தோன்றியது.

முருகேசன் கதைக்கு வருகிறேன். பிளஸ் டூ லீவில் நீ கோடவுனுக்கு வந்து வீரத்தைக் காட்ட மூட்டையைக் கட்டிப் பிடித்தபோது, "மொதலாளி மகனே, நீ மூட்டையத் தூக்கல, மூட்டைதான் ஒன்னையத் தூக்கிட்டு நிக்குது" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தானே, அதே முருகேசன்தான். நீ சென்னைக்குப் போன பிறகு அவன் லாரிப் பலகை சறுக்கி வத்தல் மூட்டையோடு கீழே விழுந்தான். நம் கோடவுன் வாசலில்தான் விழுந்தான். இடுப்பு எலும்புக்கு நடுவே உள்ள சவ்வு பிதுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவு நான் பார்த்தேன், அதில் குறை வைக்கவில்லை. மதுரை எலும்பு டாக்டர் வலிக்கு ஒரு மாத்திரை எழுதினார், கொஞ்ச நாளைக்கு. முருகேசன் எழுந்து நடந்தான். பிறகு மூட்டைக்கு வந்தான். அப்போது அந்த மாத்திரை இல்லாமல் குனிய முடியவில்லை. சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடையைக் கண்டுபிடித்தான். அந்தக் கடை பயந்து நிறுத்தியதும் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தனைப் பிடித்தான். லோடுமேன்கள் அதற்குச் சத்து மாத்திரை என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவன் ஒருத்தன் மட்டும் போடுவதில்லை.

எனக்குத் தெரியுமா என்று நீ கேட்பாய். தெரியும். லாரி வந்ததும் அவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவான், வாயில் எதையோ போட்டுத் தண்ணீர் குடிப்பான், ஒரு பீடி குடிக்கிற நேரம் சும்மா நிற்பான். அதற்கப்புறம் பார்த்தால் அவன் முதுகில் மூட்டை இருப்பதே அவனுக்குத் தெரியாத மாதிரி ஏறுவான் இறங்குவான். போன பொங்கலுக்கு முன்னால் ரெண்டு லாரி ஒன்றாக வந்து நின்றது. ஆள் குறைச்சல், டிரைவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். முருகேசன் சுவரில் சாய்ந்து நின்றான். "ஏலே, போட்டியா இல்லையா? போட்டுட்டு வா, சீக்கிரம் இறக்கணும்" என்று நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அந்த லோடு இறங்கியது, எனக்கு நல்ல விலையும் கிடைத்தது.

செல்விக்குச் சிறுநீரகம் கெட்டது அதற்கு முந்தின வருஷமே. ரத்தம் சுத்தம் பண்ணுவது அரசாங்கக் காப்பீட்டில் இலவசம்தான். இலவசத்துக்குப் போய்ச் சேர்கிற செலவை யார் கொடுப்பது? சுத்தம் பண்ணி இறங்கினால் செல்விக்குத் தலை நிற்காது, பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது. காரியாபட்டி தாண்டுவதற்குள் ரெண்டு தடவை வாந்தி எடுக்கும். வேன் வாடகை, ரத்தம் ஊற ஒரு ஊசி, கூடப் போகிற ஆளுக்கு அன்றைய கூலி போச்சு. இதை எல்லாம் மகமை பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வருஷம் புதுப்பிக்க வரும்போது புதுச் சட்டம். மண்டபத்துக் கணக்கப்பிள்ளை சட்டப்படி புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் கையிலும் டப்பா கொடுத்தார். செல்வி டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, எனக்கு மூத்திரம் வந்தா நான் எதுக்கு ஒங்ககிட்ட வாரேன்?" என்றது. கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டார், முருகேசன் சிரித்தான், அதுவும் சிரித்தது. நான் அந்த இடத்திலேயே, நோயாளிக்கு டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லிச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தேன். அன்றைக்கு ஒரு வரி சேர்க்க எனக்கு ஒருத்தரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முருகேசன் டப்பாவோடு கக்கூஸுக்குள் போனான். வேற ஆள் மூத்திரத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்று கதவைத் திறந்து வைத்து வெளியே ஒருத்தர் நின்றார். அதுவும் சட்டத்தில் உள்ளதுதான்.

சீட்டு வந்த அன்று கமிட்டி கூடியது. நான் கை தூக்கினேன். நான் சொன்ன சட்டம், என் கோடவுன் ஆள் என்று விட்டால் ஊர் என்ன பேசும் என்று தூக்கினேன். ரெண்டு நாளில் மாத்திரையை விட்டுவிடுவான், அடுத்த டெஸ்டில் சுத்தமாக வருவான், உதவி திரும்பிவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. அவனைக் கூப்பிட்டு, மூட்டையும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம் என்று எடை மேசையில் உட்காரச் சொன்னேன். ரெண்டாம் நாளே உடம்பெல்லாம் வேர்த்துக் கை உதறி, மூக்கில் தண்ணீர் ஓட, மல்லிச் சாக்குக்கு நடுவே சுருண்டு படுத்துவிட்டான். பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று வார்டு இருக்கிறது, போய்ச் சேருடா என்றேன். "நான் போய்ப் படுத்துக்கிட்டா அவள யாரு கூட்டிட்டுப் போவா அண்ணாச்சி? மகளுக்குப் பள்ளிக்கூடம்" என்றான். சரி என்று எலும்பு டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். அவர் எழுதின மாத்திரைதான் என்று அவரே ஒரு சீட்டுக் கொடுத்தால் கமிட்டியில் காட்டலாம் என்று திட்டம். அவர் பழைய பேப்பரைப் பார்த்தார். "நான் எழுதினது எப்பவோ முடிஞ்சுபோச்சுங்க. இவர் மூட்டை தூக்குறதை நிறுத்தினாத் தன்னால மாத்திரையும் நிக்கும்" என்றார். முருகேசன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "மூட்டைய நிறுத்தினா சோறும் தன்னால நின்னுருமா டாக்டர்?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

கைக்காசு கொடுக்க வேண்டியதுதானே என்று நீ நினைத்திருப்பாய். உன் அம்மாவும் அதையே சொன்னாள். வேன்காரனிடம் சொல்லி, யார் கொடுத்தது என்று சொல்லாதே என்று வாடகையை நான் கட்டினேன். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு முருகேசன் மோப்பம் பிடித்துவிட்டான். ஒரு காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்றான். "மகமைன்னா அதுல எங்க அய்யா போட்ட காசு இருக்கு, நான் போட்ட காசு இருக்கு. வாங்கினா நிமிந்து வாங்குவேன். ஒங்க காச வாங்கிட்டு, நாளைக்கு இடுப்பு வலிக்கு, இந்த லோடு என்னால ஆகாதுன்னு ஒங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியுமா?" என்றான். இனி வர வேண்டாம் என்று வேன்காரனிடமும் சொல்லிவிட்டான். முதலாளிகள் எதற்குக் கைக்காசு கொடுக்கிறோம் என்பது அவனுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. நான் கொடுத்தது அதற்கில்லை என்று சொல்லியிருக்கலாம். பொங்கல் லாரி நினைவுக்கு வந்து வாயை அடைத்துவிட்டது. இன்னொரு பக்கம் ராஜாமணி அண்ணாச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார். "நீரு தனியாக் குடுத்து நல்லவராயிருவீரு, கமிட்டிதான் கொலைகாரனா? சட்டத்தையும் நீரே போடுவீரு, ஓட்டையையும் நீரே போடுவீரோ?" என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது.

கடைசியில் சட்டத்தையே மாற்றக் கேட்டேன். ஆனி மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, மாத்திரை போடுகிறவனை விட்டுவிட்டு நோயாளிக்கு உள்ளதை மட்டும் கொடுப்போம் என்றேன். முதலில் பேசியது பால்ராஜ் மாமா. "என் தங்கச்சி வீட்டைத்தான் மொதல்ல நிறுத்தினீக. அன்னைக்கு நீரு வாயத் தெறக்கலையே மச்சான். அவ சோறு கேட்டா, நீரு குத்தூசியக் குடுத்தீரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சட்டம் யாருக்காக வந்ததோ அந்த வீடுதான் முதலில் நின்றது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். தாயை அடித்த மகன் சீட்டில் தேறவில்லை, ஆகவே தாய்க்கு அரிசி இல்லை. அவ்வளவு சுத்தமாகச் சட்டம் வேலை செய்திருந்தது. பிறகு அவர் சொன்னார்: "அவ வீட்டுக்கும் சேத்துத் தெறங்க, நானும் கை தூக்குறேன்." நான் உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அந்தப் பய நெசமாவே கஞ்சாக் குடிக்கிறவன், முருகேசன் உழைக்கிறவன்" என்று தரம் பிரித்தேன். அது என் கை பழக்கம் தம்பி, முதல் தரம், ரெண்டாம் தரம், கழிவு என்று பிரிக்காமல் எனக்கு எதையும் பார்க்கத் தெரியாது. பால்ராஜ் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இளவட்டக் கடைக்காரர் ஒருத்தர், டெஸ்ட் வந்ததிலிருந்து வெளியூர்க்காரர்கள் தாராளமாக மகமைக்குக் கொடுக்கிறார்கள், இதை எடுத்தால் நின்றுவிடும் என்றார். "யாரு சரிங்கிறது?" என்று ராஜாமணி அண்ணாச்சி கேட்டார். என் கை மட்டும் மேலே இருந்தது. கையை இறக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ ஒருநாள் அந்த மண்டபத்தில் உட்காரும்போது, போடுகிற சட்டத்தைப் போட்டவனே எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போடாதே. நான் அப்படித்தான் நினைத்தேன். சரக்கை விற்றுவிட்டால் அது வாங்கினவனுடையது. போய்த் திருப்பிக் கேட்டால் அவன் சிரிப்பான். இதைவிடப் பெரிய புத்தி என்னிடம் இல்லை. எல்லாம் முடிந்தபின் வந்த புத்தி என்பதால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆடி பிறந்ததும் செல்வி ரத்தம் சுத்தம் பண்ணுகிற தவணையை விட ஆரம்பித்தது. முதலில் வாரம் ஒன்று விட்டது. பஸ்ஸில் போய்ப் பார்த்தது, திரும்பி வருகையில் காரியாபட்டியில் மயங்கி விழுந்து, யாரோ கடைக்காரர்கள் சோடா கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் போகவே இல்லை. முகமும் காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தது. முருகேசன் நூற்றெட்டுக்குப் போன் பண்ணி ஏற்றிப்போனான். உன் அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்கில் குழாயோடு கிடந்தது. பேச முடியாது என்றார்கள், ஆனால் பேசியது. "அண்ணாச்சி, தம்பி கல்யாணத்துக்கு நான் வரலாமா? எங்க தலைக்கட்டத்தான் அடிச்சிட்டீகளே, பத்திரிகை வருமா?" என்று கேட்டது. கேலிக்குத்தான் கேட்டது. உன் அம்மா வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, வீடு வரும்வரை என்னிடம் பேசவில்லை. அதற்கப்புறமும் சாப்பிட வாங்க என்பதைத் தவிர அதிகம் பேசுவதில்லை.

அந்தத் தடவை பிழைத்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் பிழைக்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் நேரே ராஜாமணி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் கல்நெஞ்சர் இல்லை. அவரும் தூங்காமல்தான் இருந்திருக்கிறார். ஆனால் சட்டத்தைத் தொட மாட்டேன் என்றார். ரெண்டு பேரும் சட்டத்துக்குள்ளேயே சந்து தேடினோம், தரகர்கள் மாதிரி. அவர்தான் கண்டுபிடித்தார். "ஒருத்தர் தப்பா இருந்தா அந்தத் தலைக்கட்டுக்கு இல்லைன்னுதானே இருக்கு. அவன் அந்தத் தலைக்கட்டுலயே இல்லைன்னா?" என்றார். அப்பன் மகன் பிரிந்தால் தனி அடுப்பு, தனித் தலைக்கட்டு; அண்ணன் தம்பி பிரிந்தாலும் அப்படித்தான். புருஷன் பெண்டாட்டியை அப்படி நம்மில் யாரும் பிரித்து எழுதினதில்லை. எழுதக் கூடாது என்றும் எங்கும் இல்லை.

மண்டபத்துக்கு முருகேசனையும் செல்வியையும் வரச் சொன்னோம். செல்வியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விஷயத்தை நான்தான் சொன்னேன். செல்வி, "இருவது வருசம் குடும்பம் பண்ணினவன நான் எதுக்கு விடணும்? அவரு என்ன அடிச்சாரா, கைய நீட்டினாரா?" என்று கேட்டது. முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரின்னு சொல்லு தாயி" என்றான். பெண்டாட்டியைத் தாயி என்று அவன் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. "எழுதிக்கோங்க" என்றது. அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, எங்களையும் பார்த்துச் சொல்லவில்லை.

நான் நினைத்தால் மாற்ற முடியாதா என்று கேட்டாய். நான் நினைத்து இவ்வளவுதான் மாறியது. என்ன பேசி முடித்தோம் என்பதை நீ ஊராரிடம் கேட்க வேண்டாம், நானே எழுதுகிறேன்.

செல்வியும் மகளும் இந்த மாதத்திலிருந்து தனித் தலைக்கட்டு. வேன் வாடகை, ஊசி, அரிசி மூன்றும் பழையபடி மகமையிலிருந்து போகும். முருகேசன் அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது, படுக்கக் கூடாது. வேனில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் மட்டும் வாசல்வரை வரலாம். அவன் அங்கே தங்குகிறானா என்று மாதம் ஒருமுறை கமிட்டியிலிருந்து ஒருத்தர் சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆள் நான். தங்கியிருந்தது தெரிந்தால் உதவி மறுபடியும் நிற்கும், அதற்கப்புறம் பேச்சு கிடையாது. அவனுக்குப் படுக்க இடம் நம் கோடவுனில். மூட்டைக் கூலி பழைய கூலியேதான். கோடவுனில் டெஸ்ட் எடுப்பதில்லை.